கிராணி வீட்டு வராந்தா

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தவரின் மகன் ஒருவர் ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். பெயர் கே. எஸ். மணியம். 1942ல் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் உட்கார்ந்துவிட்டு, சுங்கை பட்டாணி இப்ராஹிம் பள்ளிக்கு ஆங்கிலம் படிக்கப் போனவர். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்டன் பக்கம் ஆசிரியர் பயிற்சி முடித்துத் திரும்பி, பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். ‘தி ரிட்டர்ன்’ என்ற அந்த நாவல் 1981ல் வந்தது. 2020 பிப்ரவரியில் அவர் காலமானார். பிறந்த ஊரில் அவர் பேரைச் சொன்னால் “யாரு, எந்த மணியம்?” என்றுதான் கேட்பார்கள். இத்தனைக்கும், கெடாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் படுகிற பாட்டை அந்தப் புத்தகம் அளவுக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்த எழுத்து குறைவு.

கதை சிக்கலானதல்ல. பெரியத்தாய் என்ற கிழவி மூன்று மகன்களோடு மலாயாவுக்கு வந்து, தலைச்சுமையாகப் பண்டம் விற்றுக் குடும்பத்தை நிறுத்துகிறாள். பேரன் ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். மிஸ் நான்சி என்ற ஆசிரியையின் சுத்தத்தையும் உச்சரிப்பையும் பிடித்துக்கொள்கிறான். வீட்டுப் பேச்சும் வீட்டு வாடையும் அவனுக்குக் கசக்கத் தொடங்குகின்றன. இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்புகிறான். அவன் தகப்பன் நைனாவோ, மண்ணில் ஒரு துண்டு தனக்குச் சொந்தமாக வேண்டும் என்ற வெறியில் அரசாங்க நிலத்தில் குடிசை போட்டு, கடைசியில் அந்தக் குடிசையோடு எரிந்துபோகிறார். மகனால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிகிறது.

விமர்சகர்கள் இதை மரபுக்கும் காலனியக் கல்விக்கும் நடந்த மோதலாக வாசித்தார்கள். பாடத்திட்டத்துக்கு வசதியான வாசிப்பு. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. ரவி எதைப் பார்த்துக் கூசுகிறான்? தமிழையா, பெரியத்தாயின் சாமியையா? புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால், அப்பன் வெளுக்கிற பிறத்தியார் துணியைப் பார்த்துத்தான் அவன் அதிகம் கூசுகிறான் என்று தோன்றும். ஆஸ்பத்திரி வளாகத்தில் யார் யாருக்கு மேல், எந்த வீட்டுப் பிள்ளை எந்த வீட்டுக்குள் நுழையலாம் என்ற கணக்கு அந்த நாவலில் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தோட்டத்திலும் அதே கணக்குத்தான். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே, கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம். காலை இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்று, தண்டல் பேர் வாசித்து நிரை பிரித்துக் கொடுத்த பிறகு காட்டுக்குள் இறங்கினால், மத்தியானம் வரை மரமும் பால் ஏந்துகிற மங்கும் வாளியும் தவிர வேறு உலகம் கிடையாது. துரையைத் தூரத்தில் பார்த்து வணக்கம் வைத்ததோடு சரி. வெள்ளைக்காரன் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று லயத்துக்காரனுக்குத் தெரியாது. தெரியாததைப் பார்த்து யாரும் ஏங்குவதில்லை.

ஏங்க வைத்தது கிராணி வீடு. ரப்பர் பால் கணக்கில் கோளாறு என்றாலோ, முன்பணம் கேட்பதென்றாலோ, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவோம். வராந்தா வரைதான். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு (எங்களுக்குச் செருப்பு இருந்தால்) நிற்போம். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு பேசுவார். என் கண் உள்ளே ஓடும். பூ வேலை செய்த மேசை விரிப்பு, கண்ணாடி அலமாரியில் அடுக்கிய பிங்கான், சுவர்க்கடிகாரம், நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு படிக்கிற என் வயதுப் பையன். அவன் காலில் வெள்ளைச் சப்பாத்து. பால் கறை படாத சட்டை. ஒட்டுப்பால் நாற்றம் இல்லாத வீடு. எங்கள் துணியிலும் தலைமயிரிலும் அந்த நாற்றம் குடியிருந்தது. அதைக் கழுவினால் போகும் என்று நினைத்து அம்மா சவர்க்காரத்தைத் தேய்த்துத் தீர்ப்பாள்.

அந்த வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்துக் கிராணிமாரில் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டில் எங்களைவிட நல்ல தமிழ் பேசினார்கள். தேவாரம் பாடினார்கள். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் இருந்தன. மரபும் ஆங்கிலமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்றால் அந்த வீட்டில்தானே முதலில் தின்றிருக்க வேண்டும்? அங்கே தின்னவில்லை. ரவியின் வீட்டில் தின்றது. வித்தியாசம் சம்பளப் பட்டியலில் இருந்தது.

சம்பளக் கணக்கென்று வந்துவிட்டதால், பீடோங்காரர்களின் பழைய ஜோக் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “நான் ஹார்வர்டில் படிச்சவன்” என்று எங்கள் பக்கத்து ஆள் சொன்னால் பொய்யென்று நினைக்கக் கூடாது. பீடோங்குக்கும் குரூணுக்கும் நடுவில் ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது. அதன் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனி சுமத்ராவில் மட்டுமின்றிக் கெடாவிலும் சொந்தத் தோட்டங்கள் வைத்திருந்தது. மலாயா ரப்பரை அதிகம் வாங்கிய நாடும் அமெரிக்காதான். எங்கள் பாட்டன்மார் சீவிய பட்டையிலிருந்து சொட்டிய பால், பினாங்கில் கப்பலேறிப் போய், அங்கே மோட்டார் வண்டிக்கு டயராக ஓடியது. அமெரிக்கா எங்களுக்கு டெலிவிஷனில் வந்த ஊர் என்று நினைக்கிறோம். அதற்கு ரொம்ப முன்பே கூலிக் கணக்கில் வந்துவிட்டது.

ஹார்வர்ட் தோட்டத்தை நான் நினைக்கிறபோது டயருக்கு முன்னால் தொண்டர் படை வரும். 1946, 47ல் ஏ. எம். சாமி என்பவர் அங்கே திரட்டிய இளைஞர் படை. ஜப்பான்காரன் காலத்துப் பசியையும் சயாம் மரண ரயில் பாதையையும் பார்த்து மீந்தவர்கள் அவர்கள். நேதாஜியின் படையில் அணிவகுக்கப் பழகி வந்தவர்களும் அந்தத் தலைமுறையில் நிறைய. போர் முடிந்து துரை திரும்பி வந்தபோது பழைய மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நிற்க அவர்களால் முடியவில்லை. அவர்கள் முதலில் கை வைத்தது கள்ளுக்கடையில். கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியது. சம்பளத்தில் ஒரு பங்கு வாங்கிய அன்று சாயங்காலமே திரும்பிப் போய்விடும். அந்த லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவு என்று ஒரு கணக்கும் இருந்தது. குடித்தவன் காசில் குடித்தவனுக்கே நலன்! தொண்டர் படை கடை வாசலில் மறியல் செய்தது, தோட்டம் தோட்டமாகப் பரவியது, கூலிப் போராட்டத்தோடு கலந்தது. 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீசோடு மோதல் ஆனது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பலர் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அவசரகாலம் வந்தது; படை அதற்கு முன்பே நசுக்கப்பட்டிருந்தது.

மரபைப் பற்றிப் பேசுகிற கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைத்த ஜனங்கள் நாங்கள். கள்ளும் மரபுதான் என்று வாதாட அன்றும் ஆள் இருந்திருப்பார்கள். தொண்டர் படைப் பையன்கள் அந்த வாதத்துக்குக் காது கொடுக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். கிராணி வீட்டைப் பார்த்து ஏங்காமல், லயத்தில் நின்றபடியே நிமிர்ந்தார்கள். மணியத்தின் ரவிக்குக் கிடைக்காத வழி அது. நாவலில் வருகிற அதே பீடோங்கில், மணியம் சிறுபிள்ளையாக இருந்த அதே ஆண்டுகளில், அப்படி ஒரு வழி இருந்தது. அது தோற்றதனால்தான் அடுத்த தலைமுறைக்கு வராந்தா மட்டும் மிச்சமானது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வராந்தாக்கள் மாறிக்கொண்டே வந்தன. 1970 தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. ஆங்கிலம் பேசிப் பெரிய ஆளாகலாம் என்று புறப்பட்டவர்களின் தம்பிமார் மலாய் பேசிப் பழக வேண்டியதாயிற்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து மலாயில் மதிப்பெண் குறைந்தால் இடைநிலைப் பள்ளியில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. தேசியப் பள்ளியில் படித்த கூட்டாளி படிவம் ஒன்றில் உட்கார்ந்திருப்பான், நாம் அடுத்த கட்டடத்தில் பாலர்பள்ளிப் பிள்ளை மாதிரி வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொண்டிருப்போம். அந்த ஒரு வருட வெட்கத்துக்குப் பயந்தே எத்தனையோ பெற்றோர் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் விட்டார்கள். அவர்களைத் துரோகிகள் என்று மேடையில் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. திட்டுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று விசாரித்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான் எனும் வீடமைப்புகளுக்கும் போயின. லயம் இடிந்தது. கோவில் மட்டும் வீடமைப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. பள்ளி ஊருக்குள் மாறி வந்தாலும் பெயர்ப்பலகையில் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டு வந்தது. சுங்கை பட்டாணியில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? கண்ணாடி அலமாரி. அதில் பிங்கான்.

இன்டெல் 1972ல் பினாங்கில் கால் வைத்தது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ல் திறந்தது. இன்டெல் அங்கும் வந்தது, பிறகு சூரியத் தகடு செய்கிற பர்ஸ்ட் சோலார் வந்தது. லூனாஸ், பாடாங் செராய் முச்சந்திகளில் விடிவதற்கு முன்பு நின்று தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பெரட்டு ஞாபகம் வரும். கழுத்தில் அட்டை, காலில் நல்ல சப்பாத்து. பாட்டன் அமெரிக்க டயருக்குப் பால் எடுத்தான். பேரன் அமெரிக்கக் கணினிக்குச் சில்லு சோதிக்கிறான். சம்பளம் உயர்ந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது பெரிய விஷயம்.

என் தங்கை மகன் அப்படிக் கூலிமில் தொடங்கி, அரிஸோனாவுக்குப் பயிற்சிக்குப் போய், அங்கேயே வேலை மாற்றிக் குடும்பத்தோடு தங்கிவிட்டான். அங்கே அவனுக்கு வேறு மாதிரித் தொல்லை. அமெரிக்கர்களுக்கு அவன் இந்தியன். தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்களுக்கு மலேசியாக்காரன். அவர்கள் வீட்டு விருந்தில் ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்டால் சிரிக்கிறார்களாம். மகளை வாரக் கடைசித் தமிழ் வகுப்பில் சேர்த்திருக்கிறான். வகுப்பில் அவளுக்குச் சங்கப் புலவர் பேரெல்லாம் சொல்லித் தருகிறார்கள். கொள்ளுப்பாட்டி வேலை செய்த தோட்டத்தின் பேர் அவளுக்குத் தெரியாது.

போன மாதம் கூப்பிட்டான். “மாமா, புள்ள ஸ்கூல்ல கல்ச்சர் டேன்னு ஒன்னு வக்கிறாங்க. குடும்பத்துப் பழைய சாமான் எதாச்சும் கொண்டாந்து காட்டணுமாம். என்னத்த வக்கிறதுன்னு தெரியல. பரதநாட்டியம் உடுப்பு போட்டு அனுப்பிறலாம்ங்கிறா இவ.”

“நம்ம வீட்ல யாருடா பரதநாட்டியம் ஆடினா?”

“அதான் மாமா எனக்கும்.”

அம்மா வீட்டுப் பின்கட்டில் ஒரு மங்கு கிடப்பது ஞாபகம் வந்தது. மண்ணில் சுட்டு உள்பக்கம் மெருகு ஏற்றியது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அதில் அம்மா வெங்காயத்தாள் நட்டிருக்கிறாள். அடியில் பழைய பால் கறை இன்னும் கறுப்பாகக் கெட்டித்துப் போயிருக்கும். அதை அனுப்பினால் என்ன என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். எண்பதைத் தாண்டியவள். நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தக் கருமத்தயா? வெள்ளக்காரன் பள்ளிக்கூடத்துல வச்சி காட்டவா? பால் மரம் வெட்டுன குடும்பம்னு ஊருக்கே தெரியணுமா? வேணாண்டா. எங்கிட்ட காஞ்சிவரம் பட்டு ஒன்னு இருக்கு, அத அனுப்பு.”

அறுபது வருடம் கழித்தும், காட்டப்போவது அரிஸோனாவில் என்றாலும், அவள் இன்னும் வராந்தாவில் நிற்கிறாள். பட்டு அவளுடைய கல்யாணத்தில் கட்டியதல்ல. நான் சம்பாதித்து வாங்கிக் கொடுத்தது. அவள் வாழ்க்கைக்கும் அந்தப் பட்டுக்கும் சம்பந்தம் கொஞ்சம். மங்குக்கும் அவளுக்கும் முப்பது வருட உறவு. எது பாரம்பரியம் என்று நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். நான் ஜெயிக்கவில்லை. பட்டுத்தான் போனது.

நம்மவர்கள் பாரம்பரியம் என்று பிடித்துக்கொள்கிறவை பெரும்பாலும் இந்தப் பட்டு மாதிரிதான். கெடாக்காரர்களுக்கு இன்னொரு பட்டும் கிடைத்திருக்கிறது: கடாரம். ராஜேந்திர சோழன் 1025ல் கப்பற்படை அனுப்பி வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்கிற கடாரம் இதுதான்; பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில் அடித்தளங்கள் இருக்கின்றன; மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2013ல் மேம்பாட்டுக்காரர்கள் அங்கே சண்டி எனப்படும் பழைய கோவில் ஒன்றை இடித்தபோது நமக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் அதே காலத்தில் சுற்றுவட்டாரத்தில் லயங்கள் வரிசையாக இடிபட்டன. ஒரு வீட்டையாவது நிறுத்தி வையுங்கள், உலையும் பெரட்டுக்களத்து மணியும் ஒட்டுப்பால் வாளியும் அதில் இருக்கட்டும் என்று மறியல் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சோழனோடு சொந்தம் கொண்டாடச் செலவில்லை. கங்காணியிடம் கடன்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டனோடு சொந்தம் கொண்டாடுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.

எழுத்தாளர்கள் அந்தத் துணிச்சலைக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ கெடாத் தோட்டத்து வாழ்வை வாசனைத் திரவியம் பூசாமல் வைத்த நாவல். 2017ல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தது தமிழ்நாட்டிலிருந்து. லூனாஸ்காரரான ம. நவீனின் ‘பேய்ச்சி’ 1981ல் அந்த ஊரில் விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் செத்ததைத் தொடுகிறது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு ஆபாசம் என்று அதைத் தடை செய்தது. தடை போட்டது அரசாங்கம். ஆனால் தமிழில் எழுதிய நாவலைப் படித்து முதலில் முகம் சுளித்தவர்கள் நம்மவர்களை விட்டால் வேறு யாராக இருக்க முடியும்? தோட்டத்துப் பேச்சு, தோட்டத்து வசவு, தோட்டத்துச் சாவு ஆகிய எல்லாம் அச்சில் வந்து பிறத்தியார் பார்வைக்குப் போகிறதே என்ற பதற்றம்தான் அங்கேயும். என் அம்மா சொன்னதைத்தான் படித்தவர்கள் வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

அரிஸோனாவில் இருக்கிற என் மருமகன் தன்னை இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் கிழிபடுகிறவனாக நினைத்துக்கொள்கிறான். இணையத்தில் அப்படி எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர், அவனும் படித்திருப்பான். நான் அவனிடம் சொன்னது இதுதான்: “நீ அங்க யாரோடயும் ஒத்துப்போகாம தவிக்கல. நல்லாவே ஒத்துப்போற. உனக்கு மறைக்கறதுக்கு ஒன்னு இருக்கு, அதான் தூக்கம் வரல. அத எடுத்து மேசமேல வச்சிட்டா மிச்சமெல்லாம் சாப்பாடு, உடுப்பு, பாட்டு. அதுக்கெல்லாம் யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.” அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகள் நாட்டியப் பாவாடையில் நிற்கிற படம் மட்டும் வந்தது. அழகாகத்தான் இருந்தாள்.

இதைப் படிக்கிற கெடாக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் வெட்டிய கடைசித் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கைத்தொலைபேசியில் பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், லயத்தில் எந்தக் கதவு, தண்டல் யார், ஒரு நாளைக்கு எத்தனை மரம், கடைசிச் சம்பளம் எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள். பீரோவிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து வர எழுந்தால், உட்காரச் சொல்லுங்கள்.